ஹார்டுவேர் வாலட் வாங்கிவிட்டால் ஹேக்கர் பயம் தீர்ந்துவிடுமா?

மீன்கொத்தி
சில வருடங்களாகப் போனில் ஒரு வாலட் செயலியில் பிட்காயின் சேர்த்து வருகிறேன், கூடவே கொஞ்சம் ஈத்தரும் இருக்கிறது. ஆரம்பத்தில் சின்னத் தொகைதான். இப்போது போனால் தாங்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஹார்டுவேர் வாலட் (சாவியை உள்ளேயே பூட்டி வைக்கும் சின்னத் தனிச் சாதனம்) வாங்கிவிடு, அப்புறம் யாராலும் தொட முடியாது என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர், எதற்கு இந்த வம்பு, காயின் வாங்கி விற்கும் பெரிய எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவிடு, அவர்களைவிட நீயா நன்றாகக் காவல் காக்கப் போகிறாய் என்கிறார். என் சீட் ஃபிரேஸ், அதாவது வாலட்டைத் திறக்கும் மூலச் சாவியான 12 சொற்களும், போனில் ஸ்க்ரீன்ஷாட்டாக இருக்கின்றன, கிளவுடுக்கும் பேக்கப் ஆகியிருக்கும். இரண்டுக்கும் பாஸ்வேர்டு பலமாகத்தான் வைத்திருக்கிறேன். இப்படியே விடலாமா? ஹார்டுவேர் வாலட் வாங்கினால் இதே சொற்களை அதில் ஏற்றிக்கொள்ளலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரும்புத்திரை
ஸ்க்ரீன்ஷாட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், மற்றதெல்லாம் பிறகு. அந்த 12 சொற்களும் ஏற்கெனவே வெளியே போய்விட்டன என்றே வைத்துக்கொள்ளுங்கள். படத்தை அழித்தால் போதாது, ஏனென்றால் கிளவுடில், பழைய பேக்கப்பில், இன்னொரு சாதனத்தில் எங்கெல்லாம் அதன் பிரதி போயிருக்கிறது என்று உங்களாலேயே சொல்ல முடியாது. 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கை நிறுவனம் ஸ்பார்க்கேட் என்ற மால்வேரைப் பற்றி எழுதியது. கூகுள் பிளேயிலும் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலும் இருந்த செயலிகளுக்குள் அது புகுந்திருந்தது, போனின் கேலரியில் உள்ள படங்களில் இருக்கும் எழுத்துகளைப் படித்து சீட் ஃபிரேஸ் மாதிரி எது தெரிந்தாலும் அனுப்பிவிடும். நீங்கள் எந்தத் தப்பான இணைப்பையும் தொட வேண்டியதில்லை, ஏதோ ஒரு செயலிக்குப் படங்களைப் பார்க்க அனுமதி கொடுத்திருந்தால் போதும்.

கிளவுடு பற்றி இன்னும் சொல்ல வேண்டும். 2016-இல் பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 1,20,000 பிட்காயின் திருடு போனது. 2022-இல் அமெரிக்க அதிகாரிகள் அதில் 94,000 பிட்காயினைக் கைப்பற்றினார்கள், எப்படித் தெரியுமா? காயினை நகர்த்தும் ரகசியச் சாவிகளான பிரைவேட் கீகள் கிளவுடு கணக்கில் ஒரு கோப்பாக இருந்தன, குறியாக்கம் செய்யப்பட்டே இருந்தன, அதையும் அவர்கள் திறந்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய தொகையை வைத்திருந்தவர்களே கிளவுடில் போட்டு இழந்தார்கள்.

அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: கூடாது. பழைய சொற்களைப் புதுச் சாதனத்தில் ஏற்றினால் சாதனம்தான் புதிது, சாவி அதே பழைய சாவி. ஹார்டுவேர் வாலட்டைப் புதிதாக ஒரு சீட் உருவாக்கச் சொல்லுங்கள், அந்தச் சொற்களை அதன் திரையைப் பார்த்துக் கையால் காகிதத்தில் எழுதுங்கள், பிறகு பழைய முகவரியிலிருந்து காயின்களைப் புது முகவரிக்கு அனுப்புங்கள். புதுச் சொற்கள் கேமரா, கீபோர்டு, பிரிண்டர் எதையும் ஒரு தடவைகூடச் சந்திக்கக் கூடாது.

கடல்நண்டு
இரும்புத்திரை சொல்வது எல்லாம் சரி, ஆனால் கேட்டவருக்கு ஏற்ற அறிவுரையா என்று யோசிக்க வேண்டும். ஹேக்கரால் இழந்தவர்களைப் பற்றியே பேசுகிறோம், தானே தொலைத்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஸ்டீபன் தாமஸ் என்ற புரோகிராமரின் 7,002 பிட்காயின் ஐயன்கீ என்ற, பாஸ்வேர்டு பூட்டு வைத்த ஒரு யூஎஸ்பிக்குள் மாட்டிக்கொண்டிருப்பது ஊருக்கே தெரிந்த கதை. பாஸ்வேர்டு எழுதிய காகிதம் தொலைந்துவிட்டது, 10 முயற்சிகளுக்கு மேல் அந்தச் சாதனம் அனுமதிக்காது, அதில் 8 முடிந்துவிட்டன. அவர் தொழில்நுட்பம் தெரியாதவரா? எக்ஸ்சேஞ்சில் வைத்தால் பாஸ்வேர்டு மறந்தாலும் அடையாளத்தைக் காட்டி உள்ளே போகலாம். வித்டிராயலுக்கு நீங்கள் முன்கூட்டியே பதிந்த முகவரிகள் மட்டும் என்று கட்டுப்பாடு வைக்கலாம், புது முகவரி சேர்த்தால் இத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று பூட்டலாம். சொந்தமாகக் காவல் காக்கும்போது இந்த வசதி எதுவும் கிடையாது, நள்ளிரவில் ஒரு தப்பு நடந்தால் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பத்திரமாக வைக்கத் தெரியாதவரிடம் "உன் சாவி உன்னிடமே இருக்கட்டும்" என்று அடித்துச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆலமரத்தடி
கடல்நண்டு, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எக்ஸ்சேஞ்சில் இருப்பது உங்கள் காயின் அல்ல, அவர்கள் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி. மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2014-இல் விழுந்தபோது சுமார் 8.5 லட்சம் பிட்காயின் காணவில்லை என்றார்கள். பிறகு 2 லட்சம் கிடைத்தது, ஆனால் வாடிக்கையாளர்கள் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் விழுந்ததற்கு வெளியிலிருந்து எந்த ஹேக்கரும் தேவைப்படவில்லை, வாடிக்கையாளர் பணத்தை உள்ளே இருந்தவர்களே வேறு பக்கம் திருப்பியிருந்தார்கள். ஹேக்கருக்குப் பயந்து ஓடி அந்த வகை ஆபத்தில் போய் நிற்பதில் அர்த்தமில்லை.

இருந்தாலும் சிலர் எக்ஸ்சேஞ்சில்தான் வைப்பார்கள், வாங்கி விற்கக் கொஞ்சமாவது அங்கே இருக்கும். அவர்களுக்காக ஒன்று சொல்கிறேன்: எஸ்எம்எஸ் ஓடிபியை நம்பாதீர்கள். உங்கள் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றிக்கொண்டால் ஓடிபி எல்லாம் திருடனுக்குத்தான் போகும். 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எக்ஸ் கணக்கையே இப்படி சிம் மாற்றிப் பிடித்து, பங்குச்சந்தையில் வாங்கும் பிட்காயின் நிதியான ஈடிஎஃப்-க்கு அனுமதி கிடைத்துவிட்டதாகப் பொய்ச் செய்தி போட்டார்கள். போனிலேயே எண் உருவாக்கும் ஆதன்டிகேட்டர் செயலி அதைவிட நல்லது, பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சாதனத்தில் இருக்கும் பாஸ்கீயோ யூஎஸ்பி செக்யூரிட்டி கீயோ அதைவிடவும் நல்லது, ஏனென்றால் போலித் தளத்தில் நீங்கள் ஏமாந்தாலும் அந்தக் கீ ஏமாறாது, தளத்தின் முகவரி மாறினால் அது வேலையே செய்யாது. எக்ஸ்சேஞ்சுக்கு மட்டுமல்ல, அதற்கு முன்னால் உங்கள் ஈமெயிலுக்கு இதைச் செய்யுங்கள். ஈமெயில் போனால் மற்ற எல்லாக் கணக்குக்கும் பாஸ்வேர்டு மாற்றும் வழி அவன் கையில்.

விடியல்
நான் ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது பிளாக்செயினில் தானாக ஓடும் புரோகிராம், எழுதுகிறவள். இந்த இழையில் எல்லாரும் சாவியை எங்கே வைப்பது என்றே பேசுகிறீர்கள். அது பாதி விஷயம்தான். ஹார்டுவேர் வாலட் சாவியை வெளியே விடாது, உண்மை. ஆனால் நீங்கள் பட்டனை அழுத்தி ஒப்புதல் கொடுத்தால் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுவிடும், அது நல்லதா கெட்டதா என்று அதற்குத் தெரியாது.

2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்சில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 4 லட்சம் ஈத்தர், ஏறக்குறைய 150 கோடி டாலர் திருடு போனது. ஆஃப்லைன் கோல்டு வாலட், பல பேர் கையெழுத்துப் போட்டால்தான் நகரும் மல்டிசிக், எல்லாரிடமும் ஹார்டுவேர் வாலட். ஒரு சாவிகூடத் திருடப்படவில்லை. அவர்கள் பயன்படுத்திய சேஃப் வாலட்டின் டெவலப்பர் ஒருவரின் கணினிக்குள் முதலில் புகுந்து, அந்த வழியாக வலைத்தளத்தின் ஜாவாஸ்கிரிப்டை ஹேக்கர்கள் மாற்றினார்கள். கணினித் திரையில் வழக்கமான பணமாற்றம் மாதிரி தெரிந்தது, ஹார்டுவேர் வாலட்டுக்குப் போனது வாலட்டின் கட்டுப்பாட்டையே மாற்றும் வேறொரு கட்டளை. சாதனத்தின் சின்னத் திரையில் அது புரியும்படி இல்லை, பைபிட் ஆட்கள் அழுத்திவிட்டார்கள். வட கொரியாவின் வேலை இது என்று எஃப்பிஐ சொன்னது. இதற்குத்தான் பிளைண்டு சைனிங் என்று பெயர், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடுவது.

நம்மைப் போன்றவர்களுக்கு இது வேறு வடிவத்தில் வரும். ஈத்தர் ஓடும் எத்தீரியம் செயினில், அதன் மேல் உருவாக்கிய மற்ற காயின்களான டோக்கன்களுக்கு அப்ரூவல் என்று ஒன்று உண்டு. ஒரு தளத்தில் ஸ்வாப் செய்யும்போது, அதாவது ஒரு டோக்கனைக் கொடுத்து இன்னொன்றை எடுக்கும்போது, டாலர் மதிப்புள்ள என் யூஎஸ்டிசி டோக்கனை இந்தக் கான்ட்ராக்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி தருகிறீர்கள். பல தளங்கள் வரம்பே இல்லாத தொகைக்குக் கேட்கும், நீங்களும் அவசரத்தில் கொடுத்துவிடுவீர்கள், அந்த அனுமதி வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். 2021 டிசம்பரில் பேட்ஜர்டாவோ தளத்தின் முகப்பில் கோடு நுழைத்து, வந்தவர்களிடம் இப்படி அப்ரூவல் வாங்கி, சில நாள் சும்மா காத்திருந்து சுமார் 12 கோடி டாலரை ஒரேயடியாக இழுத்தார்கள். கான்ட்ராக்ட் நல்லது, தளமும் பெயர் பெற்ற தளம், முகப்பு மட்டும் கெட்டுப்போயிருந்தது. இதைவிட மோசம் பெர்மிட் வகைக் கையெழுத்து, அதே அனுமதியைச் செயினுக்கு வெளியே தருவது. அதற்கு கேஸ் கட்டணம், அதாவது செயினில் பதிவதற்கான கூலி, கிடையாது, செயினில் எதுவும் தெரியாது, வெறும் லாகின் மாதிரித்தான் இருக்கும். கட்டணம் கேட்கவில்லை, அதனால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள்தான் இதில் விழுகிறார்கள்.

எனவே மீன்கொத்தி, சேமிப்பு வாலட்டை எந்தத் தளத்தோடும் இணைக்காதீர்கள். எந்தத் தளத்தோடும். டீஃபை (வங்கி இல்லாத கடன், வட்டித் தளங்கள்), என்எஃப்டி (டிஜிட்டல் உரிமைச் சீட்டு), ஏர்டிராப் (இலவச டோக்கன்) என்று ஆசை இருந்தால் வேறு சீட்டில் தனி வாலட் வைத்து, போனால் பரவாயில்லை என்கிற அளவு மட்டும் அதில் போடுங்கள். பிட்காயினில் இந்த அப்ரூவல் கதை கிடையாது, அந்த வகையில் உங்கள் சேமிப்பின் பெரும்பகுதிக்கு இந்தத் தொல்லை இல்லை.

மீன்கொத்தி
விடியல் அக்கா, பைபிட் விஷயம் கேள்விப்பட்டிருந்தேன், ஆனால் சாவியே திருடு போகவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது. அப்படியென்றால் வெறும் பிட்காயின் அனுப்பும்போது நான் எதைச் சரிபார்க்க வேண்டும்? இன்னொன்று, புதுச் சொற்களை இரண்டு காகிதமாகப் பிரித்து ஆறு ஆறாக இரண்டு இடத்தில் வைக்கலாம் என்று நினைக்கிறேன், ஒன்று கிடைத்தாலும் திருடனுக்கு உதவாதே?

விடியல்
பெறுபவரின் முகவரியைச் சாதனத்தின் திரையில் பாருங்கள், கணினித் திரையை நம்பாதீர்கள். கிளிப்பர் என்கிற மால்வேர் நீங்கள் காப்பி செய்த முகவரியைப் பேஸ்ட் செய்யும் நேரத்தில் மாற்றிவிடும். முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகளை மட்டும் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். முன்னும் பின்னும் ஒத்துப்போகும் முகவரியை உருவாக்கி, அதிலிருந்து ஒரு சின்னத் தொகையை உங்களுக்கு அனுப்பிவைப்பார்கள், அது உங்கள் ஹிஸ்டரியில் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த தடவை நீங்கள் ஹிஸ்டரியிலிருந்து காப்பி செய்வீர்கள் என்று எதிர்பார்த்து. 2024 மே மாதம் ஒருவர் இப்படியே 1,155 ராப்டு பிட்காயினை (எத்தீரியத்தில் ஓடும், பிட்காயின் மதிப்புள்ள டோக்கனை), அன்றைய மதிப்பில் சுமார் 6.8 கோடி டாலரை, தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு திருடன் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தான், அந்த மாதிரி எல்லாருக்கும் நடக்காது. முகவரி முழுவதையும் படியுங்கள், பெரிய தொகையென்றால் முதலில் கொஞ்சம் அனுப்பிப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். ஹிஸ்டரியிலிருந்து முகவரி எடுக்கவே எடுக்காதீர்கள்.

இரும்புத்திரை
மீன்கொத்தி சொன்னது: "ஒன்று கிடைத்தாலும் திருடனுக்கு உதவாதே?"

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், நிறையப் பேர் இதில் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். சீட் சொற்களை எடுக்கும் பிஐபி-39 என்ற பட்டியலில் மொத்தம் 2048 சொற்கள், ஒவ்வொரு சொல்லும் 11 பிட் (ஒரு பிட் கூடினால் யூகிக்கும் வேலை இரட்டிப்பாகும்). 12 சொற்களில் 128 பிட் உண்மையான ரகசியம், மீதி 4 பிட் பிழை கண்டுபிடிக்க. 128 பிட்டை யாரும் யூகித்துத் திறக்க முடியாது. ஆறு சொற்கள் ஒருவனுக்குக் கிடைத்தால் மீதி 62 பிட்டாகச் சுருங்கிவிடுகிறது. இன்றைக்கு அதுவும் மிகக் கடினம்தான், ஆனால் நீங்கள் இருந்த உயரத்திலிருந்து எவ்வளவோ கீழே வந்துவிட்டீர்கள். சிலர் இதையும் தாண்டி, மூன்று காகிதத்தில் எட்டு எட்டுச் சொற்களாக எழுதி, எந்த இரண்டு கிடைத்தாலும் முழுசு வரும்படி வைப்பார்கள். அதில் ஒரு காகிதம் மட்டும் திருடனுக்குக் கிடைத்தால் நாலு சொற்கள்தான் பாக்கி, 40 பிட். 2020-இல் ஒரு பிட்காயின் பரிசுப் போட்டியில் எட்டு சொற்கள் வெளியான பிறகு, மீதி நாலையும் ஒருவர் வாடகைக்கு எடுத்த கிராஃபிக்ஸ் கார்டுகளை வைத்து சுமார் 30 மணி நேரத்தில் கண்டுபிடித்துப் பரிசை எடுத்துக்கொண்டார். அதுவும் அன்றைய கணினிகளில்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இரண்டாகப் பிரித்தால் இரண்டில் எது தொலைந்தாலும் உங்கள் கதை முடிந்தது. திருடனுக்கு வேலையைச் சுலபமாக்கி, உங்களுக்குத் தொலையும் வாய்ப்பை இரட்டிப்பாக்கிய மாதிரி. பிரித்துத்தான் வைக்க வேண்டும் என்றால் அதற்கென்றே செய்த முறைகள் உண்டு, ஷமீர் முறையில் பங்குகளாகப் பிரிக்கும் எஸ்எல்ஐபி-39, அல்லது மூன்றில் இரண்டு சாவி தேவைப்படும் மல்டிசிக். ஷமீரில் தேவையான அளவுக்குக் குறைவான பங்குகள் கிடைத்தால் திருடனுக்கு ஒரு பிட்கூடத் தெரியாது.

உங்கள் அளவுக்கு நான் சிபாரிசு செய்வது பாஸ்ஃபிரேஸ். 25-ஆவது சொல் என்பார்கள் (24 சொற்கள் கொண்ட சீட்டை வைத்து வந்த பெயர், 12 சொற்களுக்கும் பொருந்தும்), பட்டியலுக்கு வெளியே நீங்களாக வைப்பது. காகிதம் யார் கையில் கிடைத்தாலும் பாஸ்ஃபிரேஸ் இல்லாமல் காயின் வராது. சாதனமே திருடு போனாலும் இது உதவும்: 2020 ஜனவரியில் கிராக்கன் எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்புக் குழு, டிரெஸர் என்ற ஹார்டுவேர் வாலட் கையில் 15 நிமிடம் கிடைத்தால் உள்ளே உள்ள சீட்டை எடுக்க முடியும் என்று காட்டியது, பாஸ்ஃபிரேஸ் வைத்திருந்தால் அந்தத் தாக்குதல் பலிக்காது என்றும் சொன்னது. ஆனால் கவனம், தவறான பாஸ்ஃபிரேஸ் போட்டால் "தவறு" என்று எந்த வாலட்டும் சொல்லாது. வேறொரு காலி வாலட் திறக்கும், அவ்வளவுதான். ஒரு பெரிய எழுத்து, ஒரு இடைவெளி மாறினாலும் அப்படித்தான். எனவே அதையும் எழுதி வைக்க வேண்டும், சொற்கள் இருக்கும் இடத்தில் அல்லாமல் வேறு இடத்தில்.

கடைசியாக, இதைப் பலர் செய்வதே இல்லை: காயின் அனுப்பும் முன்பே சாதனத்தை முழுக்க அழித்துவிட்டு, எழுதியதை வைத்து மீட்டுப் பாருங்கள். அதே முகவரி வருகிறதா? வந்தால்தான் உங்களிடம் பேக்கப் இருக்கிறது என்று அர்த்தம். கையெழுத்தில் ஒரு சொல் தப்பாக இருந்தால் அன்றே தெரிந்துவிடும். காகிதம் ஈரத்துக்கும் நெருப்புக்கும் தாங்காது, ஸ்டீல் தகட்டில் பொறித்து வைப்பது நல்லது.

நள்ளிரவு
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், அவசரம். என் தம்பி ஒரு ஏர்டிராப் தளத்தில் வாலட்டை இணைத்திருக்கிறான், கையெழுத்தும் போட்டிருக்கிறான். யூஎஸ்டிடி டோக்கன் முழுக்கப் போய்விட்டது, இன்னும் வேறு டோக்கன்கள் இருக்கின்றன. என்ன செய்வது?

விடியல்
நள்ளிரவு, முதலில் இதைக் கேட்டுச் சொல்லுங்கள்: எங்காவது சீட் சொற்களை டைப் செய்தானா, கையெழுத்து மட்டும்தானா?

கையெழுத்து மட்டும் என்றால் சாவி இன்னும் அவனிடம் இருக்கிறது. மீதி டோக்கன்களைப் புது சீட்டில் உருவாக்கிய வாலட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள், மதிப்பு அதிகமானதை முதலில். பிறகு எத்தீரியம் பதிவுகளைக் காட்டும் ஈத்தர்ஸ்கேன் தளத்தின் அப்ரூவல் பக்கத்தில் கொடுத்த அனுமதிகளை ரத்து செய்யட்டும். தேடுபொறியில் தேடி முதலில் வரும் விளம்பரத்தைத் தொட வேண்டாம், ரத்து செய்யும் தளம் என்ற பெயரிலேயே போலிகள் உண்டு.

சீட்டை டைப் செய்திருந்தால் ரத்து செய்வதில் பிரயோஜனமே இல்லை, அந்த வாலட் முழுக்க அவர்கள் கையில். கேஸ் கட்டணத்துக்கு என்று அதில் ஈத்தர் போடாதீர்கள், ஸ்வீப்பர் பாட் என்ற தானியங்கி புரோகிராம் காத்திருக்கும், வந்த நொடியில் எடுத்துவிடும்.

ஆலமரத்தடி
நள்ளிரவு, இன்னொன்று. யூஎஸ்டிடியை டெதர் நிறுவனத்தால் முடக்க முடியும், யூஎஸ்டிசியை சர்க்கிளால் முடியும், பிட்காயினையும் ஈத்தரையும் அப்படி யாராலும் முடியாது. அதனால் உடனே காவல்துறையில் புகார் கொடுத்து, பரிவர்த்தனை ஐடி, திருடனின் முகவரி, நேரம் எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். பணம் ஒரு எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருப்பதாக செயினில் தெரிந்தால் அவர்களுக்கும் அன்றே எழுதுங்கள். டோக்கனை வேறொன்றாக மாற்றிவிட்டால் இந்த வாய்ப்பும் போய்விடும், அதனால் நேரம்தான் முக்கியம்.

இனி உங்கள் தம்பிக்குத் தனிச்செய்திகள் வரும். பணத்தை மீட்டுத் தருகிறோம், எங்களிடம் நிபுணர் இருக்கிறார், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று. ஒருவனுக்கும் பதில் போட வேண்டாம். ஏமாந்தவர்களைத் தேடிப் பிடிப்பதே அவர்கள் தொழில். இந்த இழையைப் பார்த்துவிட்டு உங்களுக்கே கூட யாராவது எழுதலாம்.

நள்ளிரவு
கையெழுத்து மட்டும்தானாம், சீட் எங்கும் கொடுக்கவில்லை. மீதியை மாற்றிவிட்டான். புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம். ரொம்ப நன்றி இருவருக்கும்.

கடல்நண்டு
நள்ளிரவு தம்பி விஷயத்தைப் படித்த பிறகும் என் கருத்து முழுசாக மாறவில்லை, ஆனால் மீன்கொத்தி கேட்கும் கேள்விகளைப் பார்த்தால் அவரால் சொந்தமாகவே காவல் காக்க முடியும் என்று தோன்றுகிறது. அதனால் வாங்கும் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். தயாரிக்கும் நிறுவனத்திடமே நேரடியாக வாங்குங்கள், பழைய சாதனம் வேண்டாம். பெட்டிக்குள் ஏற்கெனவே சொற்கள் அச்சிட்ட அட்டை இருந்தால் அது மோசடி, சொற்களை எப்போதும் உங்கள் கண்முன் சாதனம்தான் உருவாக்க வேண்டும்.

வாங்கும்போது கொடுக்கும் பெயர், வீட்டு முகவரி, போன் எண் விஷயத்திலும் கவனம். ஹார்டுவேர் வாலட் தயாரிக்கும் லெட்ஜரின் வாடிக்கையாளர் தகவல் 2020-இல் கசிந்தது, சுமார் 2,72,000 பேரின் வீட்டு முகவரி வரைக்கும் அந்த டிசம்பரில் இணையத்தில் வெளிப்படையாகக் கொட்டினார்கள். சாதனங்களில் ஒரு குறையும் இல்லை, ஆனால் யாரிடம் கிரிப்டோ இருக்கிறது, எந்த வீட்டில் இருக்கிறது என்று திருடர்களுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வருடம் சிலர் வீட்டுக்குத் தபாலில் புதுச் சாதனமே வந்தது, பழையது பாதுகாப்பில்லை, இதில் உங்கள் 24 சொற்களைப் போடுங்கள் என்று கடிதத்தோடு. உள்ளே சொற்களைத் திருடுவதற்கான ஏற்பாடு இருந்தது. எந்த நிறுவனமும் எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் சொற்களைக் கேட்காது. வீட்டு முகவரிக்குப் பதில் பார்சல் பெட்டகத்தில் எடுக்கும் வசதி இருந்தால் அப்படி வாங்குங்கள். எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று இங்கேகூட எழுதாதீர்கள், நீங்கள் எழுதவில்லை, அது நல்லது.

மீன்கொத்தி
எல்லாருக்கும் நன்றி. சாதனம் ஆர்டர் செய்துவிட்டேன், அது வந்து சேரும்வரை பழைய சீட்டில் விடாமல் போனிலேயே ஸ்க்ரீன்ஷாட் இல்லாமல் புது சீட் உருவாக்கி, காகிதத்தில் எழுதி, காயின்களை அதற்கு மாற்றிவிட்டேன். ஒரே ஒரு கேள்வி மிச்சம். பாஸ்ஃபிரேஸ் எனக்கு மட்டும் தெரிந்திருந்து எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் எப்படி எடுப்பார்கள்? மனைவிக்கு இதெல்லாம் பழக்கம் இல்லை.

இரும்புத்திரை
இடைக்காலத்துக்குச் செய்தது சரியான வேலை. சாதனம் வந்ததும் அதில் இன்னொரு புது சீட் உருவாக்கி அதற்கு மாற்றிவிடுங்கள், இப்போதுள்ளதை அப்படியே அதில் ஏற்றாதீர்கள்.

வீட்டுக்கு: ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன சாதனம், சொற்கள் எங்கே இருக்கின்றன, பாஸ்ஃபிரேஸ் என்று ஒன்று இருக்கிறது, அது எந்த இடத்தில் இருக்கிறது, யாரிடம் உதவி கேட்கலாம், யார் கேட்டாலும் சொற்களைச் சொல்லக் கூடாது. சொற்களும் பாஸ்ஃபிரேஸும் கடிதத்தில் வேண்டாம், அவை இருக்கும் இடங்கள் மட்டும். அந்தக் கடிதம் உங்கள் மற்ற முக்கியப் பத்திரங்களோடு இருக்கட்டும். பிறகு ஒரு நாள் சின்னத் தொகையோடு வேறொரு பரீட்சை வாலட் உருவாக்கி, கடிதத்தை மட்டும் கையில் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து, உங்கள் மனைவியையே மீட்கச் சொல்லுங்கள். எந்த வரியில் தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.